காத்திருப்போர்: பூஜ்யம்

எங்கள் இயக்ககத்தின் வாசலில் பச்சை எழுத்தில் ஒளிரும் பலகை ஒன்று இருக்கிறது. ‘அறுவை சிகிச்சைக்குக் காத்திருப்போர்: 0’ என்று அதில் எப்போதும் எரிந்துகொண்டிருக்கும். பலகையைக் கொஞ்சம் தாழ்வாக மாட்டிவிட்டார்கள். அதைப் படிக்க வேண்டுமென்றால் காத்திருப்பவர்களைச் சற்று விலகி நிற்கச் சொல்ல வேண்டும்.

அரசு மருத்துவமனையை ஒட்டிய நாலு மாடிக் கட்டடம் எங்களுடையது. யாருக்கு எந்தத் தேதியில் அறுவை சிகிச்சை என்று முடிவு செய்வது எங்கள் வேலை. வெட்டுவது டாக்டர்கள், எப்போது வெட்டலாம் என்று சொல்வது நாங்கள். விபத்தில் அடிபட்டு வருகிறவர்களை மட்டும் அவர்கள் எங்களைக் கேட்காமலே வெட்டிவிடுவார்கள். அது பெரிய ஒழுங்கீனம் என்று எங்கள் இயக்குநர் ஒவ்வொரு கூட்டத்திலும் வருத்தப்படுவார்.

நான் கணினி அறை ஆபரேட்டர். பதினொரு வருஷ சர்வீஸ். என்னை ‘ஏசி’ என்றுதான் கூப்பிடுவார்கள், ஏனென்றால் கட்டடத்திலேயே ஏசி ஒழுங்காக ஓடுவது என் அறையில் மட்டும்தான். வெயில் காலத்தில் கணினிகளின் நலம் விசாரிக்க வராத அதிகாரி கிடையாது. “என்ன ஏசி, எப்படி இருக்கு?” என்பார்கள். என்னைக் கேட்கிறார்களா, மெஷினைக் கேட்கிறார்களா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

இந்த இயக்ககத்தில் என் அக்காவும் ஒரு மனு போட்டிருந்தாள். அதிலிருந்துதான் எல்லாம் வந்தது.

அக்கா காஜா எடுக்கிறவள். மெஷின் காஜா பிடிக்காத கனவான்கள் சிலர் இன்னும் இருக்கிறார்கள். அவர்களுடைய கோட்டுக்கும் சட்டைக்கும் பொத்தான் துளையைக் கையாலேயே சுற்றித் தைத்துக் கொடுப்பாள். ஒரு நாள் கத்தரிக்கோலை மேஜையில் வைத்துவிட்டு, அது பக்கத்திலேயே இருக்க, அரை மணி நேரம் தேடியிருக்கிறாள். கண் டாக்டர் பார்த்துவிட்டு, கண்ணில் அழுத்தம் ஏறியிருக்கிறது, பார்வை ஓரத்திலிருந்து சுருங்கிக்கொண்டே வரும், போனது திரும்பாது, இருப்பதை ஆபரேஷன் செய்து காப்பாற்றலாம் என்றார். மனுவில் சிவப்பு மையால் ‘அவசரம்’ என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார். அக்கா அதை எங்கள் மனுப் பிரிவில் கொடுத்து ரசீது வாங்கினாள். அதன்பிறகு ஆறு மாதம் ஒரு தகவலும் இல்லை.

அதே ஆபீஸில் வேலை பார்த்துக்கொண்டு சொந்த அக்காவுக்கு ஒரு தேதி வாங்கித் தர முடியாதா என்று நீங்கள் கேட்கலாம். அக்காவும் கேட்டாள். நான் முறைப்படி நடக்கிற ஆள். வரிசை வரும்போது வரும் என்று அவளிடம் சொன்னேன். அப்படிச் சொன்ன வாயை இப்போது நினைத்தாலும் அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

இனி அறைகளின் கதையைச் சொல்ல வேண்டும்.

போன வருஷக் கடைசியில் எங்களுக்குப் புது சர்வர் வந்தது. அதில் ஒவ்வொரு புரோகிராமையும் தனித்தனி அறையில் ஓடவிடலாம் என்று கம்பெனிக்காரர் விளக்கினார். அறை என்றால் செங்கல், சிமெண்ட் எதுவும் இல்லை. புரோகிராமைச் சுற்றி ஒரு திரை, அவ்வளவுதான். உள்ளே இருப்பதுதான் உலகம் என்று அது நம்பும். தன் ஃபோல்டர்கள் மட்டும் அதற்குத் தெரியும், பக்கத்தில் யார் ஓடுகிறார்கள் என்று தெரியாது. வெளியிலிருந்து பார்த்தால் நாலாயிரத்து எண்ணூற்றுப் பன்னிரண்டாம் நம்பராக இருக்கிற புரோகிராம், தன் அறைக்குள் தன்னை ஒன்றாம் நம்பர் என்று எண்ணிக்கொள்ளும். ஒன்று கெட்டால் இன்னொன்றைக் கெடுக்காமல் இருக்க யாரோ யோசித்துச் செய்த நல்ல ஏற்பாடு. தப்பு என்னவென்றால், அதை அவர் விளக்கியது எங்கள் பிரிவுத் தலைவர்களிடம்.

ஒன்றாம் நம்பர் என்ற சொல் காதில் விழுந்ததும் பதினேழு பிரிவுத் தலைவர்களும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். எங்களுக்கு ஒரு அறை என்றார் ஒருவர். எங்களுக்கு இரண்டு என்றார் அவரைவிட மூன்று மாதம் மூத்தவர். இதுநாள்வரை தங்கள் புரோகிராம் இன்னொரு பிரிவின் புரோகிராமோடு ஒரே இடத்தில் பொதுவாக ஓடிக்கொண்டிருந்தது என்பது அன்றைக்குத்தான் அவர்களுக்குத் தெரிந்ததாம். ஒருவர் கைக்குட்டையை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் புரொஜெக்டர் பிடிக்கப் போயிருந்தேன். சத்தம் ஏறியதும் என்னை வெளியே நிற்கச் சொல்லிவிட்டார்கள். மீதியைப் பின்னால் நடவடிக்கைக் குறிப்பில்தான் படித்தேன்.

சண்டை முக்கியமாக இரண்டு பேருக்குள். மனுக்களை வாங்கி, ‘காத்திருப்போர்’ என்ற ஃபோல்டரில் அடுக்குவது மனுப் பிரிவு. அந்த ஃபோல்டரைத் திறந்து பார்த்துத் தேதி போடுவது தேதிப் பிரிவு. ஃபோல்டர் தங்கள் அறையில்தான் இருக்க வேண்டும், வேறு அறைக்காரர்கள் அதற்குள் கைவிடக் கூடாது என்று மனுப் பிரிவுத் தலைவர் கறாராகச் சொல்லிவிட்டார். அப்படியானால் எங்கள் அறையிலும் அதே பெயரில் ஒரு ஃபோல்டர் இருந்தாக வேண்டும், இல்லாவிட்டால் அது எங்கள் பிரிவுக்கு அவமானம் என்று தேதிப் பிரிவு மேடம் எழுந்து நின்றுவிட்டார். கம்பெனிக்காரருக்கு ரயிலுக்கு நேரமாகிவிட்டது. தேதிப் பிரிவின் அறையில் ‘காத்திருப்போர்’ என்று ஒரு காலி ஃபோல்டரை வைத்தார். இருவரும் திருப்தியாகக் கையெழுத்துப் போட்டார்கள். அவர் ரயிலைப் பிடித்துவிட்டார்.

மறுநாளிலிருந்து தேதிப் புரோகிராம் தினமும் காலை ஆறு மணிக்குத் தன் அறையில் கண்விழித்தது. தன் ஃபோல்டரைத் திறந்தது. உள்ளே ஒன்றுமில்லை. காத்திருப்போர் பூஜ்யம் என்று நேர்மையாக எழுதி வாசல் பலகைக்கு அனுப்பிவிட்டு மறுபடி தூங்கப் போனது. அந்தக் கட்டடத்தில் பொய் சொல்லாத ஒரே ஊழியர் அதுதான்.

மூன்றாவது மாதம் இயக்குநருக்குக் கேடயம் கொடுத்தார்கள். நாட்டிலேயே நிலுவை இல்லாத முதல் இயக்ககம். அதிலிருந்து ஆபீஸில் அவருக்கு ‘பூஜ்யம்’ என்று பெயர் வந்துவிட்டது. அது அவர் காதுக்கும் எட்டியது. கோபப்படுவார் என்று பார்த்தால், மறுநாள் கொஞ்சம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான் நடந்தார்.

பக்கத்துக் கட்டடத்தில் கண் டாக்டர் ஆபரேஷன் தியேட்டரைத் தினமும் கழுவித் துடைக்கச் சொல்லி, சும்மா உட்கார்ந்திருந்தார். நோயாளிகளை அனுப்புங்கள் என்று எங்களுக்கு நாலு கடிதம் எழுதினார். நாலுக்கும் ஒரே பதில் போனது: ‘நோயாளிகள் எவரும் காத்திருக்கவில்லை. இந்தச் சாதனையில் தங்களுக்கும் பங்குண்டு. வாழ்த்துகள்.’

ஆறாவது மாதக் கடைசியில் அக்காவை நானே கவுண்டருக்குக் கூட்டிப் போனேன். கவுண்டர்க்காரர் எனக்குத் தெரிந்தவர்தான். ஆனாலும் முறை முறைதானே. ரசீதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“நீங்க எதுக்கும்மா வந்தீங்க?”

“தேதி எப்ப வரும்னு கேக்க வந்தேங்க. ஆறு மாசமா காத்திருக்கேன்.”

“யாரு?”

“நான்தான்.”

அவர் திரையைப் பார்த்தார். பிறகு அக்காவைப் பார்த்தார். “கணக்குப்படி நீங்க காத்திருக்கவே இல்லம்மா.”

“அப்ப நான் என்ன பண்ணிட்டிருக்கேன்?”

“அது எனக்கு எப்படித் தெரியும்? காத்திருக்கறவங்க யாருமில்லன்னு காலையில ஆறு மணிக்கே வந்துடுச்சு. இப்ப மணி பதினொண்ணு.”

“இந்த ரசீது நீங்க குடுத்ததுதானே?”

“மனு குடுத்தீங்கன்னு குடுத்த ரசீதும்மா அது. காத்திருக்கீங்கன்னு குடுத்ததில்ல. காத்திருக்கறதுக்குத் தனியா ரசீது கிடையாது.”

அக்கா என் பக்கம் திரும்பினாள். நான் இடது பக்கம் நின்றேன். அவள் வலது பக்கம் தேடிவிட்டுத்தான் என்னைக் கண்டுபிடித்தாள். “என்னடா சொல்றாரு இவரு?” என்றாள். கவுண்டரின் கணக்கிலோ, தேடிப் பார்ப்பதற்குக்கூட அவள் இல்லாமல் போயிருந்தாள்.

அன்று மத்தியானம் நான் கறுப்புத் திரையைத் திறந்து உட்கார்ந்தேன். எங்கள் சர்வரில் ஒரு கட்டளை உண்டு. படம், பொத்தான் எதுவும் வராது, நாலைந்து எழுத்தைத் தட்டினால் வரிவரியாகப் பதில் வரும். வாயில் நுழையாத அதன் பெயரை விட்டுவிட்டு நான் அதை ‘எட்டிப்பார்’ என்று வைத்துக்கொண்டேன். சர்வரில் மொத்தம் எத்தனை அறை, ஒவ்வொன்றிலும் எத்தனை புரோகிராம், அவற்றின் உண்மையான நம்பர் என்ன என்று அது பட்டியல் போடும். இன்னும் இரண்டு எழுத்துச் சேர்த்தால், ஒரு அறைக்குள் நின்று பார்த்தால் என்ன தெரியுமோ அதைக் காட்டும்.

பட்டியல் வந்தது. முப்பத்து நாலு அறைகள். பெரும்பாலான அறைகளில் ஒரே ஒரு புரோகிராம், ஒன்றாம் நம்பராக, தனியாக உட்கார்ந்திருந்தது. தேதிப் பிரிவின் அறைக்குள் நின்று ஃபோல்டரைப் பார்த்தேன். காலி. மனுப் பிரிவின் அறைக்குள் நின்று அதே பெயருள்ள ஃபோல்டரைப் பார்த்தேன். பதினோராயிரத்து நானூற்று ஆறு மனுக்கள். அக்காவுடையதும் இருந்தது, ‘அவசரம்’ என்ற குறிப்போடு.

எட்டு மாதமாக யாருக்கும் தேதி போடப்படவில்லை. ஒருவருக்கும்.

உடனே சரிசெய்திருக்கலாம், ஒரே வரி வேலை. நான் என்ன செய்தேன் தெரியுமா? அனுமதி வாங்கப் போனேன்.

முதலில் தேதிப் பிரிவு மேடம். நான் கொண்டுபோன தாளை அவர் தொடாமலே படித்தார்.

“ஏசி, என் அறையில என்ன இருக்கு?”

“காலி ஃபோல்டர் மேடம்.”

“காலி ஃபோல்டருக்கு நான் எத்தன தேதி போடணும்?”

“ஒண்ணும் போட வேண்டாம் மேடம். ஆனா வெளியில பதினோராயிரம் பேர்...”

“வெளியில இருக்கறது வெளியில இருக்கறவங்க பொறுப்பு. என் அறையில நிலுவை இருந்தா என்னைக் கேளுங்க. எட்டு மாசமா ஒரு நாள் லீவு போடாம அந்தக் காலி ஃபோல்டரப் பாத்துட்டிருக்கோம். அது உங்களுக்குத் தெரியுதா?”

அடுத்து மனுப் பிரிவுத் தலைவர். அவர் என்னை உட்காரவே வைத்தார்.

“பதினோராயிரமா? பதினோராயிரத்து நானூத்தி ஆறுன்னு முழுசாச் சொல்லுங்க. ஒண்ணு தொலையலையே? ஒண்ணு கசங்கலையே? மனுவப் பத்திரமா வெச்சிருக்கறதுதான் என் வேலை. தேதி போட்டா மனு ஃபோல்டர விட்டுப் போயிடும். அப்புறம் எனக்கு என்ன மிச்சம்?”

கடைசியில் இயக்குநர். கேடயம் மேஜைமேல், வருகிறவர்களைப் பார்த்தபடி இருந்தது. நான் சொன்னதை எல்லாம் பொறுமையாகக் கேட்டார். நல்ல மனிதர் என்றுகூட ஒரு நிமிஷம் நினைத்துவிட்டேன்.

“பூஜ்யம்னா சும்மா வரும்னு நெனச்சீங்களா ஏசி? எட்டு மாசம் உழைச்சு வாங்கின பூஜ்யம் இது. ஒரு எண்ண ஏத்தறதுக்கு எவன் வேணா ஏத்திடுவான். இறக்கி, இறக்கினத அங்கயே நிறுத்தி வெக்கறது இருக்கே, அதுக்குத்தான் நிர்வாகம்னு பேரு. நீங்க நிஜத்தச் சொல்றீங்க. நிஜத்த மேல இருந்து யாரும் கேக்கறதில்ல. நிலவரம் என்னன்னுதான் கேப்பாங்க. நிலவரம் பூஜ்யம். சரி, நீங்க இவ்வளவு சொல்றதால ஒரு குழு போடறேன்.”

எனக்கு நிம்மதியாக இருந்தது. வெளியே வந்து ஆணையைப் பார்த்தபோதுதான் தெரிந்தது, குழு பதினோராயிரம் மனுக்களை விசாரிக்க அல்ல, எட்டிப்பார் கட்டளையை விசாரிக்க.

குழுத் தலைவராக ஓய்வுபெற்ற கட்டடப் பொறியாளர் ஒருவரைப் போட்டார்கள். விவகாரம் அறைகளைப் பற்றியது என்பதால் அந்த நியமனம். முதல் அமர்வில் அவர் முப்பத்து நாலு அறைகளின் நீள அகலம் கேட்டார். இரண்டாவது அமர்வில், ஜன்னல் இல்லாத அறைகளில் எட்டு மாதமாக ஒரு புரோகிராமை அடைத்து வைத்திருப்பது சரியா என்று கேட்டுச் சற்று உணர்ச்சிவசப்பட்டார். மூன்றாவது அமர்வு, முதல் இரண்டு அமர்வுகளின் குறிப்பை ஏற்றுக்கொள்வதற்காக. நாலாவது வாரம்தான் ஒரு உறுப்பினர், வயது முதிர்ந்த சட்ட ஆலோசகர், விஷயத்துக்கு வந்தார்.

“தம்பி, எல்லாப் புரோகிராமும் அதது அறையில இருக்குன்னு சொல்றீங்க. உங்க எட்டிப்பார் எந்த அறையில இருக்கு?”

“அது வெளியில இருக்கு சார். வெளியில நின்னாத்தான் எல்லா அறையும் தெரியும்.”

குழுவுக்கு அது பொறுக்கவில்லை. எல்லோரும் ஒழுக்கமாக உள்ளே இருக்கும்போது ஒன்று மட்டும் வராந்தாவில் நின்று ஜன்னல் ஜன்னலாகப் பார்த்துக்கொண்டு திரிகிறதா? அதற்கும் முறையாக ஒரு அறை ஒதுக்க வேண்டும், அந்த அறைக்குள் வைத்து ஓட்டிக் காட்ட வேண்டும் என்று ஏகமனதாக முடிவாயிற்று. அப்படிச் செய்தால் அதற்கு ஒன்றும் தெரியாது என்று நான் சொன்னதைக் குறிப்பில் ‘ஆபரேட்டர் தயங்கினார்’ என்று எழுதிக்கொண்டார்கள்.

ஐந்தாவது வாரம் பெரிய திரையில் செயல்விளக்கம். எட்டிப்பாரை அதன் புது அறைக்குள் வைத்துத் தட்டினேன். ஒரே ஒரு வரி வந்தது. அறை ஒன்று, புரோகிராம் ஒன்று, பெயர் எட்டிப்பார், நம்பர் ஒன்று.

கைதட்டல் எழுந்தது. ‘இயக்ககத்தில் இருப்பது ஒரே ஒரு அறை, அதில் குறை ஏதும் இல்லை’ என்று நாற்பது பக்க அறிக்கை அன்றே தாக்கலாயிற்று. இயக்குநர் என் முதுகில் தட்டிக்கொடுத்து, “பாத்தீங்களா ஏசி, முறைப்படி பாத்தா எல்லாம் சரியாத்தான் இருக்கும்” என்றார்.

அன்று வீட்டுக்குப் போனேன். அக்கா வாசலுக்கு அருகே நாற்காலியைப் போட்டு, மடியில் ஒரு கோட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இடது கைவிரல் நுனிகள் மூன்றிலும் துணி சுற்றியிருந்தது. ஊசி ஏறியிருக்கிறது.

“டாக்டர்கிட்ட போயிட்டு வந்தேன்” என்றாள், தைப்பதை நிறுத்தாமல். “வலது கண்ணு முடிஞ்சுதாம். இனி ஒண்ணும் பண்ண முடியாதாம். இடதுல ஒரு காஜா அளவுக்கு இருக்கு. அதுக்குள்ள வர்றது மட்டும் பளிச்சுனு தெரியுது.”

“என்னைக்குப் போச்சுக்கா?”

“என்னைக்குன்னு சொல்றது? போன மாசம் டாக்டர் பாத்தப்பக்கூட வலதுல கொஞ்சம் இருந்துச்சு. இந்த அஞ்சு வாரத்துலதான் போயிருக்கு.” நூலைப் பல்லால் கடித்தாள். “உங்க ஆபீஸ்ல என்னடா ஆச்சு? கமிட்டி போட்டாங்கன்னியே.”

அந்த ஐந்து வாரமும் நான் முறைப்படி நடந்துகொண்டிருந்தேன். குழுவுக்கு டீ எத்தனை என்று எண்ணிச் சொன்னதும் நான்தான். என்மேல் எனக்கு வந்த அருவருப்பு இயக்குநர்மேல்கூட வந்ததில்லை.

மறுநாள் மத்தியானம் ஒன்றேகாலுக்கு, கட்டடமே சாப்பிடப் போயிருந்தபோது, எட்டிப்பாரை மறுபடி வெளியே கொண்டுவந்தேன். யாரிடமும் கேட்கவில்லை. தேதிப் பிரிவின் அறைக்குள் புகுந்து, காலி ஃபோல்டரை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் மனுப் பிரிவின் நிஜ ஃபோல்டரைப் பொருத்தினேன். ஒரே வரி. சாப்பாட்டு டப்பாவைத் திறந்தபோது மணி ஒன்று இருபது.

அதற்கடுத்த நாள் எந்த நாள் என்பதை நான் யோசிக்கவே இல்லை. எங்கள் பூஜ்யத்தை நேரில் பார்த்துப் பாடம் படிக்க மேலிடத்திலிருந்து ஒன்பது பேர் கொண்ட குழு வருகிற நாள் அது.

காலை ஆறு மணிக்குப் புரோகிராம் எழுந்து ஃபோல்டரைத் திறந்தது. ஒன்பது மாதம் காலியாக இருந்த இடத்தில், குழு உட்கார்ந்திருந்த வாரங்களில் வந்தவர்களையும் சேர்த்து, பதின்மூன்றாயிரத்து ஐம்பத்திரண்டு பேர். அது அசரவில்லை, ஏன் என்றும் கேட்கவில்லை. அவசரம் என்று குறித்தவற்றை முதலில் எடுத்துத் தேதி போட்டு, கடிதம் அச்சடிக்க ஆரம்பித்தது. ஏழு மணிக்குத் தபால் பிரிவுக்காரர் வந்தார். பதினேழு பிரிவுகளில் சேராத ஒற்றை ஆள். தனி அறை வேண்டுமா என்று யாரும் அவரைக் கேட்டதில்லை, அவரும் கேட்டதில்லை. எதையும் படிக்கிற பழக்கம் அவருக்குக் கிடையாது. வந்ததை உறையில் போட்டு வண்டியில் ஏற்றுவார். ஒன்பது மணிக்குள் ஆயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டு கடிதங்கள் வண்டியேறிவிட்டன.

ஒன்பது மணிக்கு இயக்குநர் பூமாலையோடு வாசலுக்கு வந்தார். பலகையில் ‘காத்திருப்போர்: 13052’ என்று இருந்தது. விருந்தினர்களின் வண்டி தெருமுனையில் திரும்பிக்கொண்டிருந்தது.

அவரை என்னவேண்டுமானாலும் சொல்லலாம், சமயோசிதம் இல்லாதவர் என்று மட்டும் சொல்ல முடியாது. ஒரு தாள், பசை, தடித்த பேனா கேட்டார். ஒரு நிமிஷத்தில் ‘காத்திருப்போர்’ என்ற எழுத்தின்மேல் ‘பயனடைந்தோர்’ ஒட்டப்பட்டது.

“பதிமூணாயிரத்து அம்பத்திரண்டு” என்று விருந்தினர்களிடம் கையை விரித்துக் காட்டினார். “ஒரு நாள்ல இல்லீங்க. ஒம்பது மாசம், கொஞ்சம் கொஞ்சமா, யாருக்கும் தெரியாம நாங்க சேத்தது இது. என்னோட அனுமதி இல்லாம இதுல ஒருத்தர்கூட வந்திருக்க முடியாது. நான் அடக்கமான ஆளு, வெளியில காட்டிக்கிட்டதில்ல. இன்னைக்கு அதுவா வெளிய வந்துடுச்சு.”

அவர் வாழ்க்கையில் பேசிய ஒரே உண்மையான பேச்சு அது. ஒன்பது பேரும் கைதட்டினார்கள். வரிசையில் நின்றவர்களில் ஒருவர், விஷயம் தெரியாமல், சேர்ந்து தட்டினார்.

விருந்தினர்கள் போனதும் சர்வரின் ஒயரைப் பிடுங்கினார்கள். தேதிப் பிரிவின் அறையில் காலி ஃபோல்டர் திரும்ப வைக்கப்பட்டது. பலகையிலிருந்த தாளைக் கிழித்தார்கள். பழைய ஒழுங்கு மீண்டது. போன கடிதங்களை மட்டும் திரும்பப் பெறச் சொல்லி இயக்குநர் தபால் பிரிவுக்காரரைக் கூப்பிட்டார்.

“திரும்ப வாங்கணும்னா ஒவ்வொருத்தருக்கும் இன்னொரு லெட்டர் போடணும் சார்” என்றார் அவர். “காத்திருக்கறவங்க லிஸ்ட் குடுங்க, போட்டுடறேன்.”

“லிஸ்ட் எங்கிட்ட எப்படிய்யா இருக்கும்?”

“அப்ப யாருக்குன்னு போடறது? வாசல்ல பூஜ்யம்னு எரியுதே.”

இயக்குநர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். தன்னைக் கிண்டல் செய்கிறாரா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. எனக்கும் முடியவில்லை. கடிதங்கள் போனது போனதாகவே இருந்தன.

என்மேல் விசாரணை நடந்தது. பிற பிரிவின் அறைக்குள் அனுமதியின்றி நுழைந்தது குற்றம். ஆனால் அந்த நுழைவினால் இயக்குநருக்கு, இத்தனை பேரைப் பயனடையச் செய்ததற்காக, இரண்டாவது கேடயம் வேறு வந்துவிட்டதால் என்னைத் தண்டிக்கவும் முடியவில்லை. ஆகவே பதவி உயர்வு கொடுத்தார்கள். இப்போது நான் அறைகள் கண்காணிப்பு அலுவலர். கீழ்த்தளத்தில், பழைய பேப்பர் கட்டுகள் வைத்திருந்த இடம் என் அறை. ஏசி கிடையாது, ஆனாலும் பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது. வருகைப் பதிவேட்டில் ஒரே ஒரு பெயர், வரிசை எண் ஒன்று. மேஜைமேல் எதனோடும் இணைக்காத ஒரு கணினி. அதில் எட்டிப்பாரைத் தட்டினால் ஒரே ஒரு வரி வரும். வாரத்துக்கு ஒரு முறை அந்த வரியை எழுதி மேலே அனுப்ப வேண்டும்.

அக்காவுக்குக் கடிதம் வந்தது. அந்த வியாழக்கிழமையே தேதி. ஒன்பது மாதம் கழித்து வரிசையில் வந்த முதல் நோயாளியைப் பார்த்ததும் கண் டாக்டர் எழுந்து நின்றுவிட்டாராம். இடது கண்ணில் இருந்த அந்தக் காஜா அளவு மிஞ்சிவிட்டது, இனிமேல் சுருங்காது. கட்டு பிரித்த அன்று டாக்டர் என்னைத் தனியே கூப்பிட்டு, “ஒரு அஞ்சு வாரம் முன்னாடி வந்திருந்தா வலதையும் கொஞ்சம் புடிச்சு நிறுத்தியிருக்கலாம்” என்றார். எனக்குத் தெரியும் என்றேன்.

நேற்று மத்தியானம் அக்கா எனக்குச் சாப்பாடு கொண்டுவந்தாள். தனியாகத்தான் வந்தாள், இப்போது கையில் ஒரு கோல் வைத்திருக்கிறாள். நான் என் அறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் பலகைக்கு நேராக நின்று, தலையை இப்படியும் அப்படியும் நகர்த்தி, அந்தச் சின்ன வட்டத்துக்குள் எழுத்தைக் கொண்டுவந்தாள்.

“ஏன்டா, உங்க போர்டு எனக்கு நல்லாத் தெரியுதுடா” என்று அங்கிருந்தே குரல் கொடுத்தாள். “பூஜ்யம்னு பளிச்சுனு இருக்கு. பக்கத்துல நிக்கறவங்கதான் ஒருத்தரும் கண்ணுல படல. எனக்கும் உங்க டைரக்டர் கண்ணு வந்துடுச்சு போல.”

வரிசையில் யாரோ சிரித்தார்கள். அக்கா கோலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, கையை நீட்டி, எதிரே இருந்தவரின் தோளைத் தொட்டாள். “தப்பா நினைக்காதீங்க, கண்ணு சரியில்ல, தொட்டுத்தான் தெரிஞ்சுக்கணும். உங்களுக்கு என்ன உடம்புக்கு? எத்தன மாசமா நிக்கிறீங்க?” அவர் இடுப்பு எலும்பு என்றார், மூன்று மாதம் என்றார். பெயரும் சொன்னார். அக்கா அடுத்த தோளைத் தொட்டாள். அப்படியே தொட்டுத் தொட்டு வரிசையின் கடைசிவரை போய், என் அறைக்கு வந்துசேர முக்கால் மணி நேரம் ஆயிற்று. காஜா எண்ணிப் பழகிய ஆள், ஒன்றும் விடமாட்டாள்.

“நாப்பத்தொண்ணு” என்றாள், டப்பாவை மேஜைமேல் வைத்துவிட்டு. “ரெண்டு பேரு கீழ உட்காந்திருந்தாங்க. அவங்களையும் சேத்துட்டேன். சொல்லச் சொல்ல எழுது.”

அவள் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். பெயர், நோய், எத்தனை மாதம். சாப்பாடு ஆறிப்போயிற்று. முடித்ததும் தாளை மடித்து உறையில் போட்டு, பக்கத்துக் கட்டடத்து டாக்டர்களுக்கு என்று முகவரி எழுதி ஒட்டினேன். விபத்தில் வருகிறவர்களைப்போல இவர்களையும் அவர்கள் எங்களைக் கேட்காமலே வெட்டட்டும். மூன்று மணிக்குத் தபால் பிரிவுக்காரர் வந்தார். உறையை வாங்கினார், படிக்கவில்லை, பையில் போட்டுக்கொண்டு போனார்.

“நாளைக்கு வரிசையில எத்தன மணிக்கு ஆளுங்க வந்து நிப்பாங்க?” என்று கேட்டாள் அக்கா.